தாமிரபரணியைப் பென்சிலில் வரைவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லை நகருக்குள் தாமிரபரணியில் படகு ஓடுவதில்லை. ஆனால் ஆற்றை வரையப் புதிதாக உட்காருகிறவர்கள் பாலத்தை முடித்த கையோடு அதன் கீழே ஒரு படகை மிதக்க விட்டுவிடுவார்கள். படகில் துடுப்போடு ஒருவர், பின்னால் சூரியன். காலண்டரில் பார்த்த படகு அது. நம் ஆற்றில் அந்த இடத்தில் இருப்பது நீரில் படரும் அமலைச்செடி, நாணல், துவைக்கிற கல், படித்துறையில் காயும் வேட்டி. இவற்றையெல்லாம் விட்டுவிட்டு இல்லாத படகை வரைந்தால், அந்தப் படம் எந்த ஊர் ஆற்றுக்கும் பொருந்திவிடும்.

ஒரு காலத்தில் இங்கே படகு இருந்தது உண்மை. 1843-இல் சுலோச்சன முதலியார் பாலம் திறக்கப்படும் வரை திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்க ஓடம்தான் வழி. பாலம் வந்தது, ஓடம் போனது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் கடற்கரை ஊர் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டு வந்து மக்களை மீட்டார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் ஒழிய இந்தப் பக்கம் படகைப் பார்க்க முடியாது. ஆகவே இந்த வழிகாட்டி பாலத்தையும் மண்டபத்தையும் தண்ணீரையும் நகரத்தில் வரையச் சொல்லும். படகை வரைய, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலுக்குக் கூட்டிப் போகும்.

இந்த ஆற்றங்கரையில் பென்சிலோடு வந்தவர்களில் முந்தியவர்கள் இருவரைச் சொல்ல வேண்டும். 1792-இல் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியர்கள் தெற்கே வந்தபோது பாபநாசம் அருவியை வரைந்தார்கள். இடத்திலேயே பென்சிலில் எடுத்துக்கொண்ட வரைவுகளை வைத்து, பிறகு லண்டனில் அச்சுப் படங்களாக்கினார்கள். ‘ஓரியண்டல் சீனரி’ என்ற அவர்களுடைய பெரிய தொகுப்பில் பாபநாசம் அருவியும் உண்டு. கட்டடங்களின் அளவு பிசகாமல் இருக்க, வில்லை பொருத்திய ஓர் இருட்டுப் பெட்டியையும் சுமந்துகொண்டு திரிந்தார்கள். பெட்டிக்குள் விழும் காட்சியின் மேல் கோடு போட்டால் போதும். உங்களுக்கு அந்தச் சுமை வேண்டாம். கையை நீட்டிப் பிடித்த ஒரு பென்சிலே அளவுகோல் ஆகிவிடும். அது எப்படி என்று கீழே வருகிறது.

பையில் என்ன இருக்க வேண்டும்

HB, 2B, 4B, 6B என்று 4 பென்சில்கள் போதும். ஒரு பெட்டி நிறைய வாங்கினால் எதை எடுப்பது என்ற யோசனையிலேயே வெயில் ஏறிவிடும். அப்சரா, நடராஜ், கேம்லின் எதுவானாலும் சரி. ஊர்க்கடையில் கிடைப்பதே நல்லது. பென்சிலைத் திருகிச் சீவும் சீவியை வீட்டில் வைத்துவிட்டு பிளேடை எடுத்துக்கொள்ளுங்கள். கரிமுனை ஒரு விரல்நக நீளத்துக்கு வெளியே தெரியும்படி சீவினால், நுனியால் மெல்லிய கோடும், பென்சிலைச் சாய்த்துப் பிடித்தால் அகலமான நிழலும் ஒரே பென்சிலில் வரும்.

தாள், A4 அளவில் காட்ரிட்ஜ் தாள் நோட்டு. வழவழப்பான தாளில் 6B வழுக்கும். காற்று ஆற்றங்கரையில் எப்போதும் உண்டு, ஆகவே 2 கிளிப். சப்பாத்தி மாவு போலப் பிசையக்கூடிய ரப்பர் ஒன்று கிடைத்தால் வாங்குங்கள். அது கோட்டைத் தேய்த்து அழிப்பதற்கு மட்டுமல்ல, நிழலின் மேல் ஒற்றி வெளிச்சத்தை எடுப்பதற்கும் உதவும். படித்துறை ஈரமாக இருக்கும் என்பதால் உட்கார ஒரு பழைய செய்தித்தாள், தலைக்குத் தொப்பி, குடிக்கத் தண்ணீர்.

எங்கே உட்காருவது, எப்போது போவது

கொக்கிரகுளம் பக்கத்துக் கரைதான் தொடக்கத்துக்கு வசதி. அது பாளையங்கோட்டைக் கரை, அதாவது ஆற்றின் கிழக்கு. காலையில் அங்கே உட்கார்ந்தால் வெயில் முதுகில் விழும். எதிரே தெரிவதெல்லாம் வெளிச்சத்தில் தட்டையாக இருக்கும். மாலையில் சூரியன் நெல்லைச் சந்திப்புப் பக்கம் இறங்குவதால், பாலமும் மரங்களும் கறுத்து ஒரே பிழம்பாக நிற்கும். புதியவர்களுக்கு மாலை 4 மணிக்கு மேல்தான் நல்லது என்பேன். விவரங்கள் மறைந்து வடிவம் மட்டும் நிற்கிற நேரம் அது. ஒவ்வொரு கல்லையும் வரைய வேண்டும் என்ற ஆசை தானாகவே அடங்கிவிடும்.

பழைய பாலத்தை ஒட்டிப் புதிய பாலமும் வந்துவிட்டதால், எந்தப் பக்கமிருந்து பழையதின் வளைவுகள் மறைவில்லாமல் தெரிகின்றன என்று முதலில் நடந்து பாருங்கள். இந்த நடைக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பருவம் முக்கியம். மார்ச் முதல் மே வரை தண்ணீர் குறைவு. பாலத்தின் கால்கள் அடிவரை தெரியும், பாறைகள் வெளியே வரும். ஜூனுக்குப் பிறகு பொதிகை மலையில் பெய்கிற தென்மேற்குப் பருவ மழையால் ஆறு தெளிவாகவே நிறைந்து ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். செம்மண் கலந்த வெள்ளம். அணை திறப்பு அறிவிப்பு வந்திருந்தால் படித்துறையில் இறங்கவே வேண்டாம். மேலே சாலையில் நின்று வரையலாம், அல்லது வீட்டில் இருக்கலாம்.

முதல் படி: கண்மட்டக் கோடு

பாலத்தைத் தொடுவதற்கு முன் தாளில் ஒரே ஒரு கிடைக்கோடு போடுங்கள். அது உங்கள் கண் இருக்கும் உயரம். பென்சிலைக் கண்ணுக்கு நேராகக் கிடையாகப் பிடித்தால் அது எதிர்க்கரையில் எந்த இடத்தை வெட்டுகிறதோ, அதுதான் கண்மட்டம்.

படித்துறையின் கீழ்ப்படியில் உட்கார்ந்தால் உங்கள் கண் தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் போல இருக்கும். இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். பாலத்தின் கால்கள் தண்ணீரைத் தொடும் இடங்களை இணைத்தால் வரும் கோடு கிட்டத்தட்டக் கிடையாகவே போகும். மேலே கைப்பிடிச் சுவரின் கோடோ தூரம் போகப் போகச் சரேலெனக் கீழே இறங்கும். புதியவர்கள் இரண்டையும் ஒரே அளவு சாய்த்துவிடுவதால்தான் பாலம் ஆற்றுக்குள் விழுவதுபோலத் தெரிகிறது. கண்மட்டத்துக்கு மேலே இருப்பவை இறங்கும், கீழே இருப்பவை ஏறும், கண்மட்டத்துக்கு அருகில் இருப்பவை அசையாது. பாலம் வரைவதில் பாதி வேலை இவ்வளவுதான்.

இரண்டாம் படி: 11 வளைவுகள்

சுலோச்சன முதலியார் பாலத்துக்கு 11 வளைவுகள். பெயரைப் பார்த்து யாரோ ஒரு அம்மா கட்டிய பாலம் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. அவர் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்தவர். கலெக்டர் தாம்சன் காலத்தில் பாலத்துக்குப் பணம் திரட்டும் முயற்சி இழுத்துக்கொண்டே போனபோது, செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். மனைவியின் நகைகளும் அதில் போயின என்று ஊரில் சொல்வார்கள். வடிவமைத்தவர் ஹார்ஸ்லி என்ற பொறியாளர். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலம்தான் அவருக்கு மாதிரி.

வரைகிறவர்களுக்கு இந்தத் தகவலில் ஒரு சுவாரசியம் உண்டு. பிரெஞ்சு ஓவியர் மோனே அந்த வாட்டர்லூ பாலத்தை 40-க்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தார். ஓட்டல் அறையின் ஜன்னலில் இருந்து, பனிமூட்டத்தில், ஒரே பாலத்தை வெளிச்சம் மாற மாற. அந்தப் பாலத்தை 1930-களில் இடித்துவிட்டார்கள். அதைப் பார்த்துக் கட்டிய நெல்லைப் பாலம் நிற்கிறது. மேலே நகரப் பேருந்து ஓடுகிறது.

இப்போது வேலைக்கு வருவோம். A4 தாளைக் குறுக்கே வைத்து 11 வளைவுகளையும் அடக்கினால் ஒன்றுக்கு மூன்று சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது. முதல் படத்தில் 3 அல்லது 4 வளைவு போதும். கரையை ஒட்டிய வளைவில் தொடங்கி, தூரம் போகும் மற்றவை தாளின் விளிம்பில் முடிந்துபோகட்டும்.

முதலில் அளவு. கையை முழங்கை மடங்காமல் நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடுங்கள். பென்சில் நுனியைக் கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பில் வைத்து, தண்ணீர் தொடும் இடத்தைக் கட்டைவிரலால் குறித்துக்கொள்ளுங்கள். இது காலின் உயரம். அதே நீளத்தைக் கிடையாகத் திருப்பி, முதல் வளைவின் அகலத்தோடு ஒப்பிடுங்கள். அகலம் உயரத்தில் எத்தனை பங்கு என்று தெரிந்துவிடும். சென்டிமீட்டர் கணக்கு தேவையில்லை, பங்குதான் தேவை. கை மடங்கினால் எல்லா அளவும் பொய்யாகிவிடும்.

அடுத்து கால்களின் இடைவெளி. எல்லா வளைவும் நிஜத்தில் ஒரே அகலம், ஆனால் கண்ணுக்குத் தூரத்தில் இருப்பது ஒடுங்கித் தெரியும். எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டாம், ஒரு கணக்கு இருக்கிறது. மேலே கைப்பிடிக் கோடு, கீழே தண்ணீர்க் கோடு இரண்டையும் லேசாகப் போடுங்கள். முதல் இரண்டு கால்களைப் பார்த்த அளவில் நிறுத்துங்கள். இரண்டாவது காலின் உயரத்தில் நடுப்புள்ளியைக் குறியுங்கள். முதல் காலின் உச்சியிலிருந்து அந்த நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்தால், அது கீழே தண்ணீர்க் கோட்டைத் தொடும் இடத்தில் மூன்றாவது கால் நிற்க வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் எத்தனை கால் வேண்டுமானாலும் சரியான இடைவெளியில் வரிசையாக வந்து நிற்கும்.

கால்கள் நின்ற பிறகு வளைவு. இரண்டு கால்களுக்கு இடையே உள்ள கட்டத்தின் மூலைகளைக் குறுக்காக இணையுங்கள். கோடுகள் வெட்டும் இடத்துக்கு நேர்மேலேதான் வளைவின் உச்சி. கட்டத்தைக் கண்ணால் பார்த்து நடுவில் உச்சியை வைத்தால் தப்பாகிவிடும். உச்சி தூரத்துக் காலின் பக்கம் கொஞ்சம் தள்ளியே இருக்கும். வளைவை ஒரே இழுப்பில் போட வேண்டாம். உச்சியிலிருந்து இடப்பக்கம் ஒரு இறக்கம், வலப்பக்கம் ஒரு இறக்கம், பிறகு சேர்ப்பு.

வளைவுக்குக் கனம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். பாலம் இடமிருந்து வலமாகத் தூரம் போகிறது என்றால், ஒவ்வொரு வளைவிலும் வலப்பக்கத்துக் காலின் உட்சுவர் உங்களுக்குத் தெரியும், இடப்பக்கத்தினுடையது தெரியாது. அந்த உட்சுவரையும் வளைவின் அடிவயிற்றையும் சேர்த்து 4B-யில் இருட்டாக்கினால், அதுவரை அட்டையில் வெட்டிய பொம்மையாக நின்ற பாலம் கல்லாகிவிடும். கால்களின் முகப்பில் இருக்கும் இரட்டைத் தூண்களுக்கு 2 செங்குத்துக் கோடும் ஒரு பக்க நிழலும் போதும்.

பாலத்தின் மேலே போகும் வாகனங்களை விட்டுவிடுங்கள். ஒரு பேருந்தின் மேல்பாதி மட்டும் கைப்பிடிச் சுவருக்கு மேல் தெரிந்தால், பாலத்தின் அளவு பார்க்கிறவருக்குப் புரியும். ஒன்று போதும்.

மூன்றாம் படி: மண்டபமும் குறுக்குத்துறையும்

பாலம் கைவந்த பிறகு ஆற்றோரக் கல் மண்டபங்கள் சுலபம். பாலத்துக்கு அருகே தைப்பூச மண்டபம் இருக்கிறது. தூண், அதன் மேல் போதிகை, அதன் மேல் தட்டைக் கூரை. வெளித் தூண்களை வெளிச்சமாக விட்டு, தூண்களுக்கு நடுவே தெரியும் உள் இருட்டை மட்டும் நிரப்புங்கள். தூணை வரையாமல் தூண் வந்துவிடும். இந்த வித்தையைப் பார்க்க வேண்டும் என்றால், ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்குக் கோயில் கோயிலாகப் போய் அங்கேயே உட்கார்ந்து வரைந்த சில்பியின் கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள்.

நகருக்குள் படகு வேண்டும் என்று இன்னமும் அடம்பிடிப்பவர்கள் குறுக்குத்துறைக்குப் போகலாம். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் அந்த முருகன் கோயிலின், நீரை எதிர்கொள்ளும் பக்கம், படகின் முனைபோலக் கூராகக் கட்டப்பட்டது என்று சொல்வார்கள். பெருவெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். உற்சவரையும் உண்டியலையும் முன்னதாகவே கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்த பிறகு பூஜை தொடரும். வரையும்போது அந்தக் கூர்முனையில் தண்ணீர் இரண்டாகப் பிரிவதைத்தான் பிடிக்க வேண்டும். முனைக்கு முன்னால் கோடுகள் நெருக்கமாக, இரு பக்கமும் போகப் போக இடைவெளி விட்டு.

நான்காம் படி: தண்ணீர்

தண்ணீரை வரைய ஆரம்பிக்கிறவர்கள் நெளிநெளியாக அலை போடுவார்கள். தாமிரபரணி அப்படி ஓடுவதில்லை, குறைந்தது கொக்கிரகுளத்தில். தண்ணீரைக் காட்டுவது அதில் விழும் பிம்பம்தான். மற்றபடி தாளின் வெள்ளையே தண்ணீர்.

பிம்பத்துக்குச் சில விதிகள். ஒரு காலின் பிம்பம் அந்தக் காலுக்கு நேர்கீழேதான் விழும், நிழலைப்போலச் சாயாது. தண்ணீர்க் கோட்டுக்கு மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் அவ்வளவு. ஆகவே வளைவும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரு முட்டை வடிவமாகும். நிறைந்து மெல்ல ஓடும் நாளில் அது அழகாகத் தெரியும். கரையில் தள்ளி நிற்கும் மருத மரத்தின் பிம்பம் மட்டும் குட்டையாக இருக்கும். அதன் அடிப்பகுதியைக் கரை மறைத்துவிடுவதே காரணம். கறுப்பாக இருப்பது பிம்பத்தில் கொஞ்சம் வெளுக்கும், வெள்ளையாக இருப்பது கொஞ்சம் கறுக்கும். பாலத்தின் அடிவயிற்றுக்கு 4B போட்டால் அதன் பிம்பத்துக்கு 2B.

ஓடும் தண்ணீரில் பிம்பம் உடையும். உடைப்பை எப்போதும் கிடைக்கோட்டில் காட்டுங்கள்: பிம்பத்தைச் செங்குத்தாக நிரப்பிவிட்டு, பிசைந்த ரப்பரைத் தட்டையாக்கிக் குறுக்கே 3, 4 இடத்தில் இழுத்தால் போதும். அமலைச்செடி படர்ந்த இடத்தில் பிம்பமே கிடையாது. அங்கே சிறுசிறு வளைகோடுகள் போட்டு, விளிம்பில் மட்டும் ஒரு கறுப்பு வரி வையுங்கள். செடி படத்தைக் கெடுக்கிறது என்று நீக்க வேண்டாம். இன்றைய ஆறு அதுதான். சாக்கடை கலக்கும் இடங்களில் அது இன்னும் செழித்திருக்கும், உங்கள் படம் அதையும் சொல்லட்டும்.

ஐந்தாம் படி: படகுக்குப் புன்னைக்காயல்

பொதிகையில் பிறந்து கிட்டத்தட்ட 128 கிலோமீட்டர் ஓடி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர் தாண்டி மன்னார் வளைகுடாவில் ஆறு கலக்கிறது. கலக்கும் இடத்து ஊர் புன்னைக்காயல். வள்ளங்களும் பைபர் படகுகளும் அங்கே ஆற்று முகத்திலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத கத்தோலிக்க ஊர் என்பதால், அசையாத படகு வேண்டுமானால் அன்று போங்கள். பெரிய விசைப்படகுகளை வரைய ஆசை என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம். தடைக்காலம் என்பதால் வரிசையாகக் கட்டிக் கிடக்கும்.

படகு பார்ப்பதற்கு எளிது, வரைவதற்குப் பாலத்தைவிடக் கடினம். காரணம், அதில் நேர்கோடே இல்லை. முன்பக்கமான அணியம் எழும்பி நிற்கும், நடு தாழும், பின்பக்கமான அமரம் மறுபடி சற்று ஏறும். அணியத்தின் பக்கமிருந்து சாய்வாகப் பார்த்தால், இரு பக்க விளிம்புகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, படுத்துக் கிடக்கும் 8 ஆகத் தெரியும். அதைத்தான் முதலில் போட வேண்டும்: ஒரு நீண்ட 8, ஒரு சுழி பெரிதாக, ஒரு சுழி சிறிதாக. சிறிய சுழியின் நுனி அணியம். அந்த நுனியிலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு இறக்கி, அங்கிருந்து தண்ணீரை ஒட்டி அமரம் வரை ஒரு தட்டையான கோடு இழுத்தால் உடல் வந்துவிடும். மிதக்கும் படகு தண்ணீரைத் தொடும் கோடு மட்டும் கிடையாக இருக்க வேண்டும். அது வளைந்தால் படகு காற்றில் தொங்கும்.

விளிம்புக்குக் கனம் கொடுங்கள். 2 கோடுகளுக்கு நடுவே வெள்ளையை விட்டால் போதும். உள்ளே இருட்டு, வெளியே நடுத்தர நிழல், விளிம்பில் வெளிச்சம். வலைக் குவியலை வலையாக வரைய முயல வேண்டாம். 6B-யைச் சாய்த்துப் பிடித்து ஒரு மேடு, அதன் மேல் மிதவைகளுக்கு 4, 5 வெள்ளை வட்டம். நங்கூரக் கயிறு இழுபட்டு நிற்கிறதா, தொய்ந்து கிடக்கிறதா என்று பார்த்து வரையுங்கள். ஆற்றின் ஓட்டம் எந்தப் பக்கம், கடலேற்றமா வற்றமா என்பதை அந்த ஒரு கோடு சொல்லிவிடும்.

படகில் எழுதியிருக்கும் பெயரை வரைவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். எண்ணை விட்டுவிடுவது நாகரிகம்.

கரையில் இருப்பவர்கள்

நோட்டை விரித்த 10 நிமிடத்தில் யாராவது பின்னால் வந்து நிற்பார்கள். “என்ன அண்ணாச்சி, பாலத்தையா வரையுதிய?” என்ற கேள்விக்கு நோட்டைத் திருப்பிக் காட்டிவிடுங்கள். மறைத்தால்தான் சந்தேகம் வரும். காட்டினால் அந்த மண்டபத்தில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று விரலால் காட்டித் தருவார்கள். அதைப் படத்தில் ஒரு கோடாகக் குறித்துக்கொள்ளலாம்.

குளிக்கிறவர்களை, துவைக்கிற பெண்களை அருகிலிருந்து வரைய வேண்டாம். தூரத்து உருவமாக, தலைக்கு ஒரு புள்ளி, உடலுக்கு ஒரு சாய்கோடு என்று வைத்தால் யாருக்கும் சங்கடமில்லை, படத்துக்கும் அளவு கிடைக்கும். கரையில் ஈமக் காரியம் நடந்துகொண்டிருந்தால் எழுந்து வேறு துறைக்குப் போய்விடுங்கள்.

முடித்த பிறகு

பக்கத்தின் ஓரத்தில் தேதி, நேரம், துறையின் பெயர், தண்ணீர் பாலத்தின் காலில் எந்த உயரத்தில் நின்றது என்பதை எழுதுங்கள். மார்ச்சில் வரைந்த அதே இடத்தை நவம்பரில் வரையும்போது இந்தக் குறிப்பு தேவைப்படும். 6B பொடி எதிர்ப் பக்கத்தில் ஒட்டும் என்பதால் நடுவே ஒரு மெல்லிய தாளை வைத்து மூடுங்கள். பொடி நிலைத்து நிற்க ஓவியக் கடையில் விற்கும் தெளிப்பானை ஒரு அடி தள்ளிப் பிடித்து, வீட்டுக்கு வெளியே, லேசாக இருமுறை அடிக்கலாம். முடிக்கு அடிக்கும் ஸ்பிரேயும் வேலை செய்யும், ஆனால் நாளாக ஆகத் தாள் மஞ்சளாகலாம். பயிற்சிப் படங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.